உயிரோடு இருப்பவளின் பெயர்

தன் சாவுச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, எழுதியவளை நேரில் நாலு கேள்வி கேட்பதற்காக ரயிலேறி வந்தவள் ப்ளூமா.

அவள் வந்தபோது ஹிண்டா குழந்தையின் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். போர் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. திரும்பிப் போக ஊரில்லாத யூதர்களை அமெரிக்கர்கள் பவாரியாவில் ஒரு பழைய ராணுவக் குடியிருப்பில் தங்கவைத்திருந்தார்கள். ஜெர்மன் சிப்பாய்கள் வரிசை கட்டி நின்ற மைதானத்தில் இப்போது யூதக் குழந்தைகளின் அரைத்துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹிண்டாவுக்கு உள்ளுக்குள் ஒரு குறும்புச் சிரிப்பு வரும். அன்றும் வந்தது. அந்தச் சிரிப்போடுதான் திரும்பிப் பார்த்தாள்.

எதிரே ஒடிசலாக ஒரு பெண் நின்றாள். ஆம்பளைக் கோட்டு போட்டிருந்தாள். கையில் சுருட்டிய பத்திரிகை.

"ஹிண்டாங்கிறது யாரு இங்க?"

"நான்தான். என்ன வேணும்?"

"நான் செத்துட்டேன்னு பேப்பர்ல எழுதியிருக்கியாமே. யாரைக் கேட்டு எழுதின?"

ஈரத்துணி கையிலிருந்து நழுவிப் புழுதியில் விழுந்தது. முகம் பிடிபடவில்லை. கன்னம் ஒட்டி, முடி காது வரைக்கும்தான் வளர்ந்து, யாரோ போல இருந்தாள். ஆனால் அந்தக் குரல்! சண்டைக்கு வரும்போது கடைசி வார்த்தையைப் பிடித்து இழுக்கிற அந்த இழுப்பு! ஒரே கட்டிலில் படுத்து ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்ட காலத்திலிருந்து ஹிண்டாவுக்கு அதைத் தெரியும்.

கையை நீட்டினாள். தொடப் பயமாக இருந்தது. தொட்டால் கலைந்துவிடுவாளோ என்று விரல்கள் பாதியில் நின்றன. ப்ளூமாதான் அந்தக் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் சூடாக இருந்தது. செத்தவர்களின் கன்னம் எப்படி இருக்கும் என்று ஹிண்டாவுக்கு நன்றாகவே தெரியும். இது அது இல்லை. அவள் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதக்கா. செத்தவளே அழல, உனக்கு என்ன வந்துச்சு?" என்று சொல்லிக்கொண்டே ப்ளூமா தானும் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுகை இருமலில் முடிந்தது. நெஞ்சின் அடியிலிருந்து வருகிற இருமல்.

"அம்மா?" என்றாள் ஹிண்டா. "அம்மாவைப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டியா?"

"முதல்ல குடிக்கத் தண்ணி குடு," என்றாள் தங்கை.

அந்தப் பத்திரிகை விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். முகாமில் நாஃப்தாலி என்றொரு பள்ளி வாத்தியார் இருந்தார். சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள் மிஞ்சாததால், மிஞ்சியிருந்த பெரியவர்களைப் பிடித்து உட்காரவைத்து, அவர்கள் பட்டதையெல்லாம் எழுதவைத்தார். வாராவாரம் அதை அச்சில் போட்டார். ஹீப்ரு அச்சு எழுத்து ஜெர்மனியில் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள் என்று சொல்லி, ஹீப்ரு எழுத்தில் எழுதவேண்டிய தங்கள் யித்திஷ் மொழியை ஜெர்மன்காரர்களின் எழுத்திலேயே அச்சடித்தார். அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: "கண்ணால கண்டதை எழுது. காணாததுக்குப் பக்கத்துல பேனாவைக் கொண்டுபோகாதே."

ஹிண்டா எழுதினாள். உருளைக்கிழங்கு வாங்க வரிசையில் நின்ற அம்மாவை, கையில் பையோடு அப்படியே வண்டியில் தள்ளிக்கொண்டுபோனதை எழுதினாள். அப்புறம் அக்காளும் தங்கையும் 'அங்கே' போய்ச் சேர்ந்ததை எழுதினாள். அந்த இடத்தின் பெயரை முகாமில் யாரும் சொல்வதில்லை. 'அங்கே' என்றால் அங்கேதான். அங்கே முதலில் உடுப்பை வாங்கிக்கொண்டார்கள், பிறகு தலைமுடியை. கடைசியாகப் பெயரை எடுத்துக்கொண்டு கையில் ஓர் எண்ணைப் பச்சை குத்தினார்கள். இனி யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடி விழும் என்றார்கள். அதனால் இரண்டு பேரும் பொழுது விடிந்ததும் ஒருத்தி காதில் ஒருத்தி ரகசியமாகப் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். நீ ஹிண்டா, நீ ப்ளூமா. பல் விளக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் அதுதான் அவர்களுக்குப் பல் விளக்கல்.

பிறகு ஒரு நாள் ப்ளூமாவுக்குக் கால் வீங்கியது. நிற்கவைத்துப் பொறுக்கினார்கள். வேலைக்கு ஆகாதவர்களை லாரியில் ஏற்றினார்கள். ப்ளூமா ஏறினாள். லாரி வாசலைத் தாண்டித் திரும்பியது. லாரியில் போனவர்கள் எங்கே போவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், புகை பக்கத்திலேயே இருந்தது. ஹிண்டா கடைசி வரியாக எழுதினாள்: 'என் தங்கை ப்ளூமா அன்று கொல்லப்பட்டாள்.'

அந்த ஒரு வரிதான் அவள் கண்ணால் காணாதது.

ஹிண்டா தங்கையை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அறை என்பது ஒரு பெரிய கூடத்தை ராணுவப் போர்வைகளைத் தொங்கவிட்டு மூன்று குடும்பத்துக்குப் பிரித்தது. ஹிண்டாவின் கணவன் வெல்வெல் ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். எழுந்தவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"எப்படி வந்து சேந்த?" என்று ஒருவழியாகக் கேட்டான்.

"ரயில்லதான், அத்தான். லேண்ட்ஸ்பெர்க் பக்கம் ஒரு முகாம்ல இருந்தேன். அங்க ஒருத்தி இந்தப் பேப்பரைக் குடுத்து, உன் பேருல ஒரு பொண்ணு செத்திருக்கா பாருன்னா. ஜெர்மன் எழுத்துல நம்ம பாஷை! எனக்கு ஓடவே இல்ல. பக்கத்துல உக்காந்து எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படிச்சேன். என் சாவை நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன், அத்தான். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி."

சிரித்தாள். அப்போதுதான் கட்டிலில் கிடந்த குழந்தை கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே நின்றது.

"இது யாரது?"

"எங்களது," என்றாள் ஹிண்டா.

ப்ளூமா கட்டிலருகே மண்டிபோட்டாள். குழந்தையைத் தூக்கவில்லை. அதன் மூடிய கையை, மூக்கை, உச்சியில் துடிக்கும் அந்த மெத்தென்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'அங்கே' இருந்த பெண்கள் எல்லோருக்கும் மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. இனி இந்த உடம்பிலிருந்து ஒன்றும் வராது என்று ஒவ்வொருத்தியும் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அந்த உடம்புகளில் ஒன்றிலிருந்து இது வந்திருக்கிறது. நகத்தோடு வந்திருக்கிறது.

"அக்கா, இதுக்கு நகம் இருக்குக்கா," என்றாள் ப்ளூமா, யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்தவள் போல. பிறகு கேட்டாள்: "பேர் என்ன?"

ஹிண்டா வெல்வெலைப் பார்த்தாள். வெல்வெல் செருப்பைப் பார்த்தான்.

நேரம் பார்த்துத்தான் போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து த்வோஷாவின் குரல் வந்தது. த்வோஷா பக்கத்துக் குடும்பத்துக்காரி. அடுப்பு அவள் பக்கத்தில் இருந்ததால் குழந்தைக்கு வெந்நீர் வைப்பது அவள் வேலை. நல்லவள், குரல் மட்டும் சந்தைக்குரல்.

"ஏண்டி ஹிண்டா! ப்ளூமாவுக்குத் தண்ணி சுட்டுடுச்சு, எடுத்துட்டுப் போ!"

"எனக்கா?" என்றாள் ப்ளூமா.

ஹிண்டாவின் கண் குழந்தைமேல் போனது. அவளுக்கு மெல்லப் புரிந்தது. முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்துபோனது.

போர்வையை விலக்கிக்கொண்டு வாளியோடு வந்த த்வோஷா, புதியவளைப் பார்த்தாள், யாரென்று கேட்டாள், பதில் கிடைத்ததும் வாளியைத் தரையில் வைத்துவிட்டு மூன்று தடவை தூ தூ என்று துப்பினாள். அதில் அவள்மேல் குற்றமில்லை. போலந்து யூதர்கள் வீட்டில் பிறக்கிற குழந்தைக்குச் செத்தவர்களின் பெயரைத்தான் வைப்பார்கள். பெயர் குழந்தைக்குப் போனால் போனவர்கள் கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி. உயிரோடு இருப்பவரின் பெயரைச் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு வைத்தால், நீ எப்போது போவாய் என்று முகத்துக்கு நேரே கேட்ட மாதிரி. அது மட்டுமா? உயிரெடுக்க வருகிற தூதன் பெயரைப் பார்த்துத்தான் வருகிறான். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அவன் யாரைத் தூக்கிக்கொண்டு போவான் என்று யாருக்குத் தெரியும்?

"என் கூட வேலை செஞ்சான் ஒரு சலோனிகாக்காரன், கிரீஸ் நாட்டு யூதன்," என்றான் வெல்வெல் மெதுவாக. "அவங்க ஊர்ல உயிரோட இருக்குறவங்க பேரைத்தான் வைப்பாங்களாம். அது மரியாதையாம்."

"அவங்க வைக்கட்டும்! அவங்க தூதன் வேற, நம்ம தூதன் வேற!" என்றாள் த்வோஷா. "நமக்கு வர்றவன் எப்படிப்பட்டவன்னு பாத்தோம்ல?"

ப்ளூமா மறுபடி இருமினாள். கட்டிலில் குழந்தை தும்மியது. ஹிண்டா ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"விடுங்க," என்றாள் ப்ளூமா, கோட்டுக்கையை மேலே சுருட்டி. அங்கே நீல எண் இருந்தது. ஹிண்டாவின் எண்ணுக்கு அடுத்த எண். "பேரை பாப்பாவே வச்சுக்கட்டும். எனக்குத்தான் இது இருக்கே. இத்தனை நாள் இதுலதானே ஓட்டினேன்."

"வாயை மூடு!" என்று ஹிண்டா கத்தினாள். குழந்தை வீறிட்டது. "இன்னொரு தடவை அந்தப் பேச்சுப் பேசினா அறைஞ்சுடுவேன். காலைல எழுந்து உன் காதுல உன் பேரைச் சொல்லிச் சொல்லிக் காப்பாத்தினது இதுக்கா?"

ப்ளூமா கோட்டுக்கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை மூவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முகாமின் மதகுருவான ரப்பியைப் பார்க்கக் கிளம்பினார்கள். வழியில் நாஃப்தாலி வாத்தியார் மறித்துக்கொண்டார். செய்தி அதற்குள் முகாம் முழுக்கப் பரவியிருந்தது. மனுஷர் ப்ளூமாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். கண்ணெல்லாம் தண்ணீர். கூடவே ஒரு கவலையும் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"சந்தோஷம்மா, ரொம்பச் சந்தோஷம். ஆனா நான் என்ன பண்றது? நியூரம்பர்க்ல நாஜித் தலைவனுங்க மேல விசாரணை நடக்குது. இந்தக் குடிகெடுத்தவனுங்க ஒரு வரி பொய்யின்னு காட்டினாப் போதும், மொத்தமும் பொய்ம்பானுங்க. ஹிண்டா, உங்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்? கண்டதோட நிறுத்துன்னேனா இல்லையா?"

ஹிண்டா தலையைக் குனிந்துகொண்டாள். தங்கைதான் முன்னால் வந்தாள்.

"வாத்தியாரே, லாரில ஏத்தினாங்கன்னு எழுதியிருக்கா. ஏத்தினாங்க. எதுக்கு ஏத்தினாங்கன்னு எழுதியிருக்கா. அதுக்குத்தான் ஏத்தினாங்க. வழியில யாரோ ஒரு ஃபேக்டரிக்காரனுக்கு ஆள் பத்தல. அவன் கேட்டான், எங்களை ரயில் ஸ்டேஷனுக்குத் திருப்பிட்டாங்க. அவனுங்க கொல்லணும்னு நினைக்காம விட்டதால நான் பொழைக்கல. கணக்கு மாறினதால பொழைச்சேன். அதையும் போடுங்க."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிழை திருத்தம்னு எத்தனையோ போட்டிருக்கேன்," என்றார். "இப்படி ஒரு பிழை திருத்தம் போடக் கொடுத்துவச்சிருக்கணும். நீயே எழுதிக் குடு, ஹிண்டா. பெரிய எழுத்துல போடுறேன்."

சமையல்கூடத்துக்கு வெளியே ஒரு நீளச் சுவர். அதில் மனிதர்களைத் தேடும் சீட்டுகள் இலை மேல் இலையாக ஒட்டியிருந்தன. எங்கிருந்து யார் வந்தாலும் முதலில் அந்தச் சுவரைத்தான் படிப்பார்கள். ஹிண்டா நடையை நிறுத்தாமலே ஒரு சீட்டின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். அது அவள் கைப்பழக்கம். ப்ளூமா நின்று படித்தாள். 'ஸ்லாட்டா. தையல்காரி. இடது புருவத்தில் தழும்பு. மகள் ஹிண்டா தேடுகிறாள். பார்த்தவர்கள் சொல்லவும்.'

"மழைல நனைஞ்சா புதுசா எழுதி ஒட்டிடுவேன்," என்றாள் ஹிண்டா. "அம்மாவை உயிரோட வண்டில ஏத்தினதைத்தான் நான் பாத்தேன். மத்தது எதையும் பாக்கல. பாக்காததை நான் நம்பமாட்டேன். உன் விஷயத்துல நம்பினதுக்குத்தான் இப்படி மாட்டிக்கிட்டேன்."

ப்ளூமா வாயைத் திறந்தாள். பிறகு இருமல் வந்த மாதிரி கையால் பொத்திக்கொண்டாள்.

ரப்பி யோனாவின் அறை பழைய சேணக்கிடங்கு. இன்னும் தோல் வாடை போகவில்லை. ரப்பிக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது, தாடி மட்டும் நரைத்திருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். ஹிண்டா எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். லாரி, பத்திரிகை, பெயர், தூதன், இருமல். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல எழுந்து நின்றார். பெரியவர்கள் வந்தால் எழுவது போல, ஆம்பளைக் கோட்டு போட்ட அந்தச் சின்னப் பெண்ணுக்காக எழுந்து நின்றார்.

"இந்த ஒரு வருஷமா எங்கிட்ட வர்ற கேள்வியெல்லாம் செத்தவங்களைப் பத்தித்தான்," என்றார். "என்னைக்குத் திவசம் பண்றது, எதை வச்சுப் புதைக்கிறது, புருஷன் செத்ததுக்குச் சாட்சி இல்லையே மறுகல்யாணம் பண்ணலாமா. உயிரோட வந்துட்டாங்க, இப்ப என்ன செய்யன்னு கேக்குற முதல் ஆளு நீதான்மா. சரி, நேத்து இவளைப் பாத்ததும் வாழ்த்து சொன்னியா?"

"எந்த வாழ்த்து?"

"ஒரு வருஷத்துக்கு மேல காணாத ஆளைக் கண்டா சொல்றது. மறந்துட்டியா?"

ஹிண்டா மறந்துதான் போயிருந்தாள். ஊரில் தூரத்து மாமா சந்தைக்கு வந்தால் பெரியவர்கள் வாய்க்குள் முணுமுணுப்பார்கள், சிறுசுகள் சிரிக்கும். இப்போது ரப்பி ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுக்க, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இறந்தவர்களை உயிரோடு எழுப்புகிறவரே, உமக்கு வாழ்த்து."

சொல்லி முடித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை நூறு வருடமாக எத்தனை பேர், சந்தைக்கு வந்த மாமாக்களுக்காக இதைச் சும்மா சொல்லி வந்திருக்கிறார்கள்! இந்த ஒரு காலை நேரத்துக்காக, இந்தத் தோல் வாடை அடிக்கும் அறைக்காக, அதைப் பத்திரமாகக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்களோ என்று தோன்றியது. வெல்வெல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ரப்பி "ஆமென்" என்றார். அந்தச் சொல்லை அவர் அவ்வளவு சத்தமாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"இப்ப பேரு," என்று ரப்பி உட்கார்ந்தார். "மாத்தலாம். தூதன் ஏமாறட்டும்னு நோயாளிக்குப் பேரை மாத்துறோமில்ல, அதே மாதிரிதான். வியாழக்கிழமை தோரா வேதம் வாசிக்கும்போது வெல்வெலைக் கூப்பிட்டுப் புதுப் பேரைச் சொல்லிடலாம். ப்ளூமாவுக்கு அவ பேரு திரும்பக் கிடைச்சுடும். குழந்தைக்கு என்ன பேர் வைக்கப்போற?"

"வெல்வெலோட அத்தை பேரு ஒண்ணு இருக்கு," என்று ஹிண்டா ஆரம்பித்தாள். "இல்லாட்டி..."

"ஸ்லாட்டா," என்றாள் ப்ளூமா.

அவ்வளவுதான் சொன்னாள்.

ஹிண்டா முதலில் கோபமாகத் திரும்பினாள். என்ன பேச்சு இது, உயிரோடு இருப்பவர்களின் பெயரை வைக்கக் கூடாது என்றுதானே இங்கே வந்து நிற்கிறோம், என்று கேட்க வாயெடுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ பாத்தியா?" என்றாள்.

"பக்கத்துல இருந்தேன்."

ரப்பி குனிந்து தன் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். சகோதரிகளையும் கழற்றச் சொன்னார். கட்டாந்தரையைக் காட்டினார்.

"சாவுச் சேதி ஒரு மாசத்துக்கு மேல தாமதமா வந்தா, ஏழு நாள் துக்கம் கிடையாது," என்றார். "ஒரு மணி நேரம் தரையில உக்காந்தாப் போதும். சட்டம் அப்படி."

"ஒரு மணி நேரமா?" ஹிண்டாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "எங்கம்மாவுக்கு ஒரு மணி நேரமா? எந்தப் புண்ணியவான் போட்ட சட்டம் இது?"

"எனக்கும் அதே ஆத்திரம்தாம்மா," என்றார் ரப்பி. "என் பிள்ளைங்களுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் கிடைச்சுது. சாவுச் சேதி கேட்டதும் சொல்ல வேண்டியதை முதல்ல சொல்லிடு. மெய்யான நீதிபதியே, உமக்கு வாழ்த்து."

"நீதிபதியாம்," என்றாள் ஹிண்டா.

"பல்லைக் கடிச்சுட்டே சொல்லு. நானும் அப்படித்தான் சொன்னேன்."

பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள். ரப்பி எழுந்து, ஓசைப்படாமல் வெல்வெலையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அக்காளும் தங்கையும் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த லாரி," என்றாள் ப்ளூமா. "அது எங்களை ரயில்ல ஏத்துச்சு. ரயில் ஒரு நெசவு ஃபேக்டரில கொண்டு போய் விட்டுச்சு. உள்ள போனா, தறிக்குப் பின்னால ஒரு பொம்பள நிக்கிறா. தலையில கந்தல் கட்டியிருக்கா. என் காலைப் பாத்துட்டு, 'இந்தக் காலோட எங்கடி சுத்தித் திரியற'ன்னா."

"அம்மாவா?"

"அம்மாதான்."

ஹிண்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எந்த லாரியைப் பார்த்து அவள் நெஞ்சு வெடித்ததோ, ஒவ்வொரு நாளும் எந்த லாரியின் சக்கரத்தைக் கனவில் கண்டு அலறினாளோ, அந்த லாரி தங்கையை அம்மாவிடம் கொண்டு சேர்த்திருக்கிறது. கொல்லக் கொண்டுபோனவர்களுக்கே தெரியாமல் சேர்த்திருக்கிறது. நம்புவதா, மறுப்பதா, யாருக்கு நன்றி சொல்வது, யாரைச் சபிப்பது என்று ஒன்றும் தெரியாமல் அவள் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"நாலஞ்சு மாசம் ஒண்ணா இருந்தோம்," என்றாள் ப்ளூமா. "ராத்திரி தூங்குறதுக்கு முன்னால அம்மா எப்பவும் ஒரு பொறுக்கு ரொட்டியைத் துணில முடிஞ்சு வைப்பா. ஹிண்டா வந்தா குடுக்கணும்பா. காலைல என்னை எழுப்பி, ஹிண்டா இன்னும் வரல, நீயே தின்னுடும்பா. அக்கா செத்திருப்பாம்மான்னு ஒரு நாள் சொல்லிட்டேன். அடிச்சுட்டா. 'நீ கண்டியா? காணாத வரைக்கும் நான் அழமாட்டேன்'னா."

ஹிண்டா முன்னும் பின்னுமாக ஆடினாள்.

"பனிக்காலத்துல ஃபேக்டரியைக் காலி பண்ணி நடக்கவிட்டாங்க. விழுந்தவங்களைச் சுட்டாங்க. அம்மா விழல. அன்னைக்கு நிலா முழுசா இருந்துச்சு. அம்மா மேல பாத்துட்டு, 'ஷ்வாட் மாசத்துப் பௌர்ணமிடி, இன்னைக்கு மரங்களுக்கு வருஷப்பிறப்பு'ன்னா. ரோட்டோரம் பூரா மொட்டை மரம். பனிக்குள்ள நடந்துகிட்டே ஒவ்வொரு மரத்துக்கும் வாழ்த்து சொல்லிட்டு வந்தா, அக்கா. பின்னால துப்பாக்கிக்காரன் வர்றான். இவ மரத்தைப் பாத்து, 'நல்லா இரு, காய்ச்சுக் குலுங்கு'ங்கறா. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்போல இருந்துச்சு. ஒரு வைக்கோல் கொட்டகைல படுக்கவிட்டாங்க. காலைல நான் முழிச்சேன், அவ முழிக்கல. யாரும் அடிக்கல, சுடல. தூக்கத்துலயே போயிட்டா. வைக்கோலை இழுத்து மூடிட்டு நடந்தேன். துணில முடிஞ்ச ரொட்டி என் கைல இருந்துச்சு."

"தின்னியா?"

"தின்னேன்."

"நல்லது," என்றாள் ஹிண்டா. "நல்லவேளை தின்ன."

லாரி, கொடி, குண்டு எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தவர்கள் ஒரு தையல்காரியிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். வீடு, முடி, மகள்கள், பெயர். அதற்குப் பிறகும் அவளிடம் மொட்டை மரங்களுக்குக் கொடுக்க வாழ்த்து மிச்சமிருந்தது. அது எங்கே இருந்தது, எப்படித் தப்பியது என்று நினைக்க நினைக்க ஹிண்டாவுக்குத் தலை சுற்றியது. ரப்பி கதவைத் தட்டினார். ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. அவர்கள் பூட்ஸைப் போட்டுக்கொண்டார்கள். போகும் வழியில் ஹிண்டா சுவரிலிருந்து அந்தச் சீட்டைக் கிழியாமல் உரித்து எடுத்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை தோரா வாசிப்பில் வெல்வெலை அழைத்தார்கள். ஜெபக்கூடம் குதிரை லாயம்தான், பெண்களுக்கு மறைப்பு அதே ராணுவப் போர்வை. ஒருவர் பாக்கியில்லாமல் முகாமே வந்திருந்தது. இரண்டு பெயரும் அவரவர்க்குப் போய்ச் சேருவதைக் கண்ணால் பார்க்காமல் தூக்கம் வராது என்று த்வோஷா முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். குழந்தையின் பெயர் இனி இஸ்ரவேல் மக்கள் நடுவில் ஸ்லாட்டா என்று ரப்பி அறிவித்தார். "ஆமென்" என்ற சத்தத்தில் லாயத்துக் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பிப் பறந்தன.

அந்த வாரப் பத்திரிகையில் வாத்தியார் சொன்னபடியே பெரிய எழுத்தில் போட்டார்: 'பிழை திருத்தம். என் தங்கை ப்ளூமா கொல்லப்பட்டாள் என்று எழுதியிருந்தேன். அவளை லாரியில் ஏற்றியது வரைதான் நான் கண்டது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். என் தாய் ஸ்லாட்டா ஷ்வாட் மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் இறந்தார். இதைக் கண்டவள் ப்ளூமா.'

அப்புறம் ஒரு சங்கடம் வந்தது. ஹிண்டா குழந்தையை எப்படிக் கூப்பிடுவாள்? பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அம்மாவின் பெயரை அவள் அம்மாவின் முன்னால் சொன்னதில்லை. பெற்றவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது அவர்களிடத்தில் பெரிய குற்றம். பாப்பா என்றாள், கண்ணு என்றாள், பொதுவாக 'ஏய்' என்றாள். வெல்வெல் கேலி செய்தான். ஒரு மத்தியானம் குழந்தை பாலைக் குடிக்காமல் முகத்தைத் திருப்பித் திருப்பி அடம் பிடித்தது. ஹிண்டாவுக்கு வேலை தலைக்குமேல் கிடந்தது.

"ஸ்லாட்டா!" என்று அதட்டினாள். "ஒழுங்காக் குடிடி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். ப்ளூமா ஜன்னலோரம் படுத்து நெஞ்சுக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவையே 'டி' போடுறியாக்கா?" என்றாள். "இரு, எழுந்து வந்து வாய்லயே போடப்போறா."

குழந்தை ஹிண்டாவை நிமிர்ந்து பார்த்தது. பிறகு வாயை வைத்துக் குடிக்க ஆரம்பித்தது. ஹிண்டா குனிந்து அதன் காதில், அங்கே ஒவ்வொரு விடியலிலும் செய்தது போலவே, ரகசியமாகச் சொன்னாள்: நீ ஸ்லாட்டா, நான் ஹிண்டா, அதோ படுத்திருக்கிறாளே, அவள் ப்ளூமா.